இருபத்துமூன்றாம் எண் கடல்நாய்

தோர்பென் முதன்முதலில், வடதுருவத்தை ஒட்டிய பெருந்தீவில் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்தபோது வேட்டைக்காரர்களிடம் தொண்டையைத்தான் கேட்டான். கறி வேண்டாம், தோல் வேண்டாம், ஈரலைக்கூட நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், கடல்நாயின் தொண்டையும் ஒரு குழாய் ரத்தமும் போதும் என்றான். டென்மார்க்கில் அவன் பெரிய ஆராய்ச்சியாளன். இங்கே அன்றிலிருந்து தொண்டைக்காரன். அவனுக்காகத் தொண்டை சேர்த்துவைக்கும் பீபியானே என்ற நான் தொண்டைக்காரி.

மருத்துவ நிலையத்தில் எட்டு ஆண்டு உதவியாளாக இருந்தவள் என்பதால் என்னைப் பிடித்துப்போட்டான். மூச்சுக்குழலின் இரு பக்கமும் ஒட்டிக்கொண்டு, ஈரல் நிறத்தில், கட்டைவிரல் நுனி அளவில் இரண்டு சதைத்துண்டுகள் இருக்கும். அதுதான் தைராய்டு சுரப்பி. எங்கள் ஆட்கள் கடல்நாயின் தலையை வெட்டுவது சரியாக அந்த இடத்தில்தான். முதல் ஆண்டு பாதிக்குப் பாதி வீணாயிற்று. ஒரு கையளவு கீழே வெட்டுங்கள் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னேன்.

"ஒரு கைன்னா உன் கையா, என் கையா?" என்று கேட்டான் சகேயுஸ். என் மகளோடு வாழ்கிறவன். ஊரிலேயே பெரிய கை அவனுக்குத்தான்.

"உன் கைதான்."

"அப்போ ஒரு வேளைக் கறி போச்சு. தொண்டைக்காரன்கிட்ட சொல்லு, பதிலுக்கு அவன் தொண்டையைத் தரட்டும். டேனிஷ் தொண்டை எப்படி இருக்கும்னு நாங்களும் வேகவச்சுப் பார்க்கறோம்."

ரத்தத்தை, கடைக்குப் பின்னால் இருக்கும் அறையில், சின்ன இயந்திரத்தில் வைத்துச் சுழற்றுவேன். மேலே தெளிந்து நிற்கும் மஞ்சள் நீரை மட்டும் உறிஞ்சி எடுத்து, எண் ஒட்டி, உறைபெட்டியில் அடுக்குவேன். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு தாள். பிடித்த இடம், தேதி, ஆணா பெண்ணா, மூக்கிலிருந்து வால்வரை நீளம், நெஞ்செலும்பின் மேல் கொழுப்பு எத்தனை விரல், ரோமம் உதிரத் தொடங்கிவிட்டதா, கர்ப்பமா. ஏப்ரல் கடைசியில் தோர்பென் வந்து எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு போவான்.

இந்த ஆண்டு வந்தபோது பள்ளிக்கூடத்தில் ஒரு கூட்டம் வைத்தான். ஊரில் பாதிப் பேர் வந்தார்கள், காபியும் கேக்கும் உண்டு என்று எழுதிப் போட்டிருந்ததால். அவன் டேனிஷில் சொல்ல நான் எங்கள் பேச்சில் சொன்னேன். அந்தச் சுரப்பி உடம்பின் அடுப்பு என்றான். அதிலிருந்து வரும் ஹார்மோன்தான் எவ்வளவு எரிய வேண்டும் என்று உடம்புக்குச் சொல்கிறது. அது குறைந்தால் விலங்குக்குக் குளிர் தாங்காது, ரோமம் ஒழுங்காக மாறாது, மந்தமாகப் படுத்திருக்கும். எங்கோ இருக்கும் ஆலைகளின் நஞ்சு காற்றிலும் கடலிலும் வந்து கடல்நாயின் கொழுப்பில் தங்குகிறது, அது இந்த அடுப்பைக் குறைக்கிறதா என்றுதான் பார்க்கிறேன் என்றான்.

பின்வரிசையிலிருந்து ஒரு கிழவர், "அந்தக் கொழுப்பைத்தானே நாங்க திங்கறோம்? எங்க அடுப்பு எப்படி எரியுதுன்னு எங்க பொண்டாட்டிங்ககிட்ட கேளு," என்றார். கூடம் சிரித்தது. தோர்பெனும் சிரிக்க முயன்றான்.

கடைசியில் அவன் சொன்ன ஒன்றை மொழிபெயர்க்கும் முன் அவனிடம் இரண்டாம் முறை கேட்டுக்கொண்டேன். வயிற்றிலிருக்கும் குட்டிக்கு முதல் மாதங்களில் சொந்தச் சுரப்பி வேலை செய்யாது, தாயின் ஹார்மோனை வைத்துத்தான் அதன் மூளை உருவாகிறது. இவ்வளவுதான் வாக்கியம். யாரும் கேள்வி கேட்கவில்லை. கேக் பரிமாறத் தொடங்கிவிட்டார்கள். நான் மூன்றாவது வரிசையைப் பார்த்தேன். தடித்த மேல்சட்டையைக் கழற்றாமல், தலையைச் சுவரில் சாய்த்து, என் மகள் தபீதா தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு மூன்றரை மாதம்.

குளிர்கிறது என்று அவள் சொல்லத் தொடங்கியது பிப்ரவரியில். பிப்ரவரியில் யாருக்குத்தான் குளிராது என்று இருந்தேன். பிறகு வீட்டுக்குள் நாய்த்தோல் காலுறையோடு நடந்தாள். எண்ணெய்க் கணப்பைத் திருகித் திருகிக் கூட்டுவாள். சகேயுஸ் பனியனோடு வியர்த்து உட்கார்ந்திருப்பான், இவள் போர்வைக்குள் இருப்பாள். குரல் கட்டிக்கொண்டது. காலையில் முகம், யாரோ ஊதிவிட்டதுபோல இருக்கும். சீப்பில் கொத்தாக முடி வந்தது.

"ரோமம் உதிருதே, அதுக்குள்ள ஜூன் வந்துடுச்சா?" என்று சகேயுஸ் கேலி செய்தான். "வெயில்ல போய்ப் பனி மேல படுத்துக்கோ. ஆனா துப்பாக்கிக்காரன் யாரும் வரானான்னு பார்த்துக்கோ."

"நீ சுட்டா குறி தப்பும்," என்றாள் தபீதா. ஆனால் அதைச் சொல்லவே அவளுக்கு நேரமாயிற்று. எப்போதும் அவன் வாயை மூடுவதற்குள் பதில் சொல்கிறவள்.

நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தோர்பெனின் தாளில் நிரப்புவதுபோல ஒவ்வொன்றாக என் மனத்தில் நிரம்பிக்கொண்டிருந்தது.

ஏன் உடனே அவளை மருத்துவ நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போகவில்லை என்று கேட்பவர்களுக்கு, அவள் பெயரைச் சொல்ல வேண்டும். தேவாலயப் பதிவேட்டில் அவள் தபீதா மனாசே. மனாசே என் அப்பா. நான் தபீதாவைச் சுமந்திருந்தபோது அவருக்கு வயிற்றில் கட்டி வந்தது. விமானத்தில் ஏற்றி தீவின் மேற்குக் கரையில் இருக்கும் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்றார்கள். "என்னை ஏத்தாதே, பொண்ணே. இங்கேயே கிடக்கறேன்," என்றார். இருபத்திரண்டு வயது எனக்கு. படித்தவர்கள் சொல்கிறார்கள் என்று கையெழுத்துப் போட்டு ஏற்றினேன். அங்கே அவர் பேச்சு யாருக்கும் புரியவில்லை. மூன்று வாரம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாராம். பெட்டியில் திரும்பி வந்தார். பதினைந்து நாளில் இவள் பிறந்தாள். பெயர் காத்துக்கொண்டிருந்தது. பெண்ணாயிருந்தால் என்ன, பெயருக்கு ஆண் பெண் கிடையாது. பெயர் வந்தால் ஆள் வந்ததுபோல.

அதனால் அவளை நான் அப்பா என்றுதான் கூப்பிடுவேன். அவள் என்னைப் பொண்ணே என்பாள். எங்கள் ஊரில் இது யாருக்கும் விசேஷமில்லை. பக்கத்து வீட்டுக்காரி தன் மூன்று வயதுப் பையனை மாமியார் என்று கூப்பிட்டுப் பயந்துகொண்டிருக்கிறாள். பெரியவர் பெயரைத் தாங்கி வந்த குழந்தையை யாரும் அதட்டுவதில்லை. அதட்டினால் வந்தவர் மனம் நொந்து திரும்பிப் போய்விடுவார். தபீதா இதை ஆறு வயதிலேயே கண்டுகொண்டாள். "அப்பாவுக்குக் காபி இல்லையா?" என்று கோப்பையை நீட்டுவாள். பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்பாள், நான் நிற்பேன். பதினேழில் சகேயுஸோடு போய் இருக்கப்போகிறேன் என்றாள். "சரிப்பா," என்றேன்.

அவள் எதைக் கேட்டாலும் கொடுத்ததில் எனக்கு ஒரு சுகம் இருந்தது. இன்றுதான் அதை எழுத முடிகிறது. ஒவ்வொரு முறை தலையாட்டும்போதும் அந்த விமானப் படியிலிருந்து அவரை ஒரு படி இறக்கிக்கொண்டுவந்ததுபோல இருக்கும். அதில் வளர்ந்துகொண்டிருந்த பெண் யார் என்று நான் பார்த்தேனா, தெரியவில்லை.

மருத்துவ நிலையத்துக்குப் போகலாம்பா என்று மார்ச்சில் ஒரு முறை சொல்லிப் பார்த்தேன்.

"போனா என்ன செய்வாங்க? ரத்தம் எடுப்பாங்க. ஏதாவது ஒண்ணு கூட, ஒண்ணு குறைய இருக்கும். பிரசவத்துக்கு ஆறு மாசம் இருக்கும்போதே மூட்டை கட்டிப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிடுவாங்க," என்றாள். "போன தடவை நீ என்னை ஏத்திவிட்டது போதும், பொண்ணே."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அதைச் சொன்னால் நான் வாயைத் திறக்க மாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். நான் திறக்கவில்லை.

கூட்டம் முடிந்த மறுநாள் நான் அறையில் ரத்தம் சுழற்றிக்கொண்டிருந்தபோது அவள் வந்தாள். இயந்திரத்தின் சூட்டுக்காக அதை ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். வெளியே தோர்பெனும் சகேயுஸும் பனிச்சறுக்கு வண்டியில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். இன்னும் ஒரு நாளில் அவன் கிளம்புகிறான்.

"உன் ரத்தத்தையும் இப்படிச் சுத்திப் பார்த்தா தேவலைப்பா," என்றேன். அவள் முகத்தைப் பார்க்காமல் குழாய்களைப் பார்த்துச் சொன்னேன்.

"பாரேன்."

"நிஜமாவா?"

"மருத்துவருக்குன்னா மாட்டேன். தொண்டைக்காரனுக்குன்னா சரி. கடல்நாயை யாரும் விமானத்துல ஏத்தி அனுப்ப மாட்டாங்க." கையை நீட்டி, சட்டையைச் சுருட்டினாள். "என்ன எண் எனக்கு?"

இருபத்திரண்டு வரை ஒட்டியிருந்தேன். இன்னும் எட்டுக் குழாய் பாக்கி இருந்தது.

நரம்பு கிடைக்கச் சிரமமாயிருந்தது. தோல் பிசைந்த மாவுபோல இருந்தது, அழுத்திய விரல் எடுத்த பிறகும் குழி நின்றது. அவளுக்கு அதெல்லாம் விளையாட்டு. தாளைப் பிடுங்கி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"நீளம்? நூத்தி அறுபத்தி நாலு."

"அவ்வளவு பெரிசு இந்தக் கடல்ல கிடையாது. நூத்தி முப்பத்தொண்ணுன்னு போடு."

"கொழுப்பு?" நெஞ்செலும்பில் கிள்ளிப் பார்த்தாள். "நாலு விரல். சகேயுஸைக் கேட்டா அஞ்சும்பான். ரோமம் உதிருதா? உதிருது. கர்ப்பம்?"

ஏப்ரல் கடைசியில் எல்லாக் கடல்நாயும் குட்டி போட்டு முடித்திருக்கும். அந்தக் கட்டத்தில் ஆமாம் என்று எழுதினால் தோர்பென் உடனே பிடித்துவிடுவான்.

"இல்லைன்னு போடு," என்றேன்.

போட்டாள். அவள் கையெழுத்து என் கையெழுத்துப் போலவே இருக்கும்.

அவள் போன பிறகு குழாயைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். இதை நான் மருத்துவ நிலையத்தில் கொடுத்திருக்கலாம். நூறு அடி தூரம். கொடுத்தால் முடிவு ஒரு மருத்துவருக்குப் போகும், மருத்துவர் என்னைக் கூப்பிடுவார், நான் ஏதாவது செய்ய வேண்டும். தொண்டைக்காரனுக்கு அனுப்பினால் முடிவு எனக்கு வரும், எனக்கு மட்டும். தெரிந்துகொள்ளவும் வேண்டும், தெரிந்ததால் எதையும் செய்ய வேண்டியும் வரக்கூடாது. அதுதான் என் மனத்தில் இருந்தது. அவள் விளையாடினாள். நான் விளையாடவில்லை.

மே மாதம் முழுவதும் காத்திருந்தேன். வெயில் படுக்கப் போகாத நாள்கள். பனிக்கட்டி மேல் கடல்நாய்கள் ஏறிப் படுத்து முதுகைக் காய்ச்சிக்கொண்டிருந்தன. தபீதாவும் வீட்டு வாசலில் பலகை மேல் அப்படித்தான் கிடந்தாள். சகேயுஸ் கொண்டுவந்த ஈரலைப் பச்சையாகத் தின்றாள், அப்பாவைப் போல. தின்னாதே என்று சொல்லலாமா என்று நினைப்பேன். அந்தக் கொழுப்பும் ஈரலும் தின்றுதானே நானும் அவளைப் பெற்றேன் என்றும் நினைப்பேன். கடையில் இருந்தது உறைந்த கோழி. கப்பல் வராத மாதங்களில் அதுவும் இல்லை. ஒரு தட்டை அவள் கையிலிருந்து வாங்கினால் அடுத்து எதை வைப்பது?

ஜூன் முதல் வாரம் தோர்பெனிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. நன்றி, இந்த ஆண்டு அருமையான மாதிரிகள், முப்பத்தொரு கடல்நாய் என்று எழுதியிருந்தான். கீழே அட்டவணை. ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே ஹார்மோன் அளவு. முப்பத்தெட்டு, நாற்பத்திரண்டு, முப்பத்தைந்து. இருபத்துமூன்றுக்கு எதிரே பதினாறு. அதன் மேல் ஒரு கோடு. பக்கத்தில், "மாதிரி கெட்டிருக்கலாம். சேர்க்கவில்லை."

அன்றே அவனைத் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"இருபத்துமூணை ஏன் அடிச்சுட்டீங்க?"

"அதுவா? எங்கேயோ உருகி மறுபடி உறைஞ்சிருக்கும், பீபியானே. உங்க தப்பில்ல. முப்பத்தொண்ணுல ஒண்ணு போறது சகஜம்."

"உருகல. நான்தான் எடுத்தேன். எடுத்த கையோட சுத்தி வச்சேன்."

"அப்போ நோய் பிடிச்ச விலங்கா இருக்கணும். மெலிஞ்சிருந்துச்சா?"

"இல்ல. வீங்கியிருந்துச்சு."

"அப்படியா?" அவன் குரலில் ஆர்வம் வந்தது. காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "நடமாட்டம் எப்படி? மந்தமா இருந்துச்சா? அதோட கறியை யாரும் சாப்பிடலையே?"

"அது கடல்நாய் இல்ல, தோர்பென். என் பொண்ணு."

என் பொண்ணு என்று வாய்விட்டுச் சொன்னது எனக்கே விநோதமாகக் கேட்டது. யாரைப் பற்றியோ சொன்னதுபோல.

காகிதச் சத்தம் நின்றது. அவள் பிள்ளைத்தாய்ச்சி என்று பெட்டி கட்டும்போதே சகேயுஸ் அவனிடம் சொல்லியிருந்தான். பிறகு, "எத்தனை மாசம்?" என்றான்.

"அஞ்சு."

"ரத்தம் எடுத்தப்போ?"

"மூணரை."

பள்ளிக்கூடத்தில் அவன் சொன்னதை மொழிபெயர்த்தவள் நான், அது அவனுக்கும் நினைவிருந்தது. மெதுவாகச் சொன்னான். "மனுஷிக்கு, பிள்ளைத்தாய்ச்சிக்கு, அது நூறுக்கு மேல இருக்கணும். நான் மருத்துவர் இல்ல. இந்த எண்ணை மருத்துவ முடிவுன்னு யார்கிட்டயும் கொடுக்கவும் முடியாது, இது கடல்நாய்க்கான ஆய்வு. மனுஷ ரத்தம் உள்ளே வந்துச்சுன்னா முழுப் பெட்டியும்..." நிறுத்திக்கொண்டான். "அதை விடுங்க. இப்பவே மருத்துவரைக் கூப்பிடுங்க. இந்த நிமிஷமே."

"கறியாலயா இது?"

"தெரியல."

"நீங்க பத்து வருஷமா பார்க்கறீங்க."

"பத்து வருஷமா தெரியல, பீபியானே. சும்மா வரவும் வரும். பல பொம்பளைங்களுக்கு வரும். ஒரு மாத்திரையில சரியாகிற விஷயம் இது." அதைச் சொன்ன பிறகு தான் சொன்னது எனக்கு ஆறுதலா வேறு ஏதாவதா என்று அவனுக்கே சந்தேகம் வந்திருக்க வேண்டும். "முன்னாடியே என்கிட்ட சொல்லியிருக்கலாமே," என்றான்.

மருத்துவ நிலையத்தில் அந்த மாதம் இருந்த செவிலி ஊருக்குப் புதிது. நான் சொன்னதை இரண்டு முறை கேட்டாள். திட்டவில்லை. திரையில் மருத்துவரைக் கூப்பிட்டுப் பேசினாள். ரத்தம் எடு, பழையதை நம்ப முடியாது, ஆனால் காத்திருக்காமல் மாத்திரையை இன்றே தொடங்கு என்றார் மருத்துவர். செவிலி அலமாரியைத் திறந்து தட்டுத் தட்டாகத் தேடினாள். பிறகு மேலிருந்து மறுபடி தேடினாள். அந்த மாத்திரை இருப்பில் இல்லை. ஹெலிகாப்டரில்தான் வர வேண்டும். வரும் ஹெலிகாப்டரிலேயே அவளை அனுப்பிவிடுங்கள் என்றார் மருத்துவர்.

வீட்டுக்குப் போனேன். தபீதா படுத்திருந்தாள்.

"கடல்நாய் என்ன சொல்லுது?" என்று கேட்டாள். என் முகத்தைப் பார்த்திருக்கிறாள்.

"அடுப்பு அணையற மாதிரி இருக்காம்பா."

"எனக்கா, உள்ளே இருக்கறதுக்கா?"

"உனக்கு. உள்ளே இருக்கறதுக்கும் நீதான் எரிக்கணும்."

போர்வையை மோவாய்வரை இழுத்துக்கொண்டாள். "அன்னிக்குக் கூட்டத்துல சொன்னானே. நான் தூங்கிட்டேன்னு நினைச்சியா? கண்ணைத்தான் மூடியிருந்தேன்," என்றாள். கொஞ்சம் கழித்து, "அனுப்பப்போறியா?" என்று கேட்டாள்.

சண்டைக்குத் தயாராகத்தான் வந்திருந்தேன். போன தடவை மாதிரியா என்று அவள் கேட்பாள், இந்த முறை ஆமாம் என்று சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் மனத்துக்குள் சொல்லிக்கொண்டு வந்தேன். அவள் கேட்கவில்லை. சரி என்பதுபோலக் கண்ணை மூடிக்கொண்டாள். சண்டை போடக்கூட அவளிடம் சூடு இல்லை. அவள் மறுத்திருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

மறுநாள் மூடுபனி இறங்கியது. பனிக்கட்டி உடையும் ஜூனில் அது வழக்கம்தான். கடலிலிருந்து எழுந்து, ஊர்மேல் வந்து உட்கார்ந்துகொள்ளும். விமானத் தளம் விரிகுடாவுக்கு அந்தப் பக்கம். ஹெலிகாப்டர் அங்கே நிற்கிறது, மாத்திரைப் பெட்டியும், மூடுபனி அந்தப் பக்கம் பரவும் முன், மூன்றாம் நாள் விமானத்தில் அங்கே வந்து இறங்கிவிட்டது. ஐம்பது கிலோமீட்டர். படகுக்குப் பனிக்கட்டி விடாது. பனிச்சறுக்கு வண்டிக்குப் பனிக்கட்டி போதாது.

நான்காம் நாள் சகேயுஸ் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிப் பார்த்தான். விரிகுடாவின் வாயில் பிளவு. இடுப்புவரை நனைந்து திரும்பினான்.

"மாத்திரை அங்கே இருக்குது, விரிகுடாவுக்கு அந்தப் பக்கத்துல," என்று வாசலில் நின்று கத்தினான். "ஒரு கடல்நாய் நீந்திப் போயிட்டு வந்துடும். நாம என்ன ஜென்மம்?"



காலை எட்டு மணிக்கு விமானத் தளத்துக்குத் தொலைபேசி. எடுப்பவன் என் குரல் கேட்டதுமே, "இன்னிக்கு இல்லை," என்பான். அவனோடு பள்ளியில் படித்திருக்கிறேன். ஏழாம் நாள், "பீபியானே, இங்கே என் ஷூவே எனக்குத் தெரியல," என்றான். ஒன்பதாம் நாள் அவனே கூப்பிட்டு, "இல்லை," என்று மட்டும் சொல்லி வைத்தான்.

அந்த நாள்களில் நான் என்ன செய்தேன்? அவள் பாதத்தைத் தேய்த்தேன். கணப்பைத் திருகினேன். மீன் குழம்பு வைத்தேன், இரண்டு வாய் சாப்பிட்டாள். வயிற்றின் மேல் கை வைத்துக் காத்திருப்பேன். அசையும். நாளுக்கு மூன்று முறை, நான்கு முறை. இது போதுமா, குறைவா? என்னைச் சுமந்தவளிடம் கேட்டிருப்பேன், அவளும் இல்லை. என் கைக்குள் அசையும் அதற்கு நான் எதையும் கொடுக்க முடியாது. அதற்கு வேண்டியது அவளுக்குள்ளிருந்துதான் போக வேண்டும், அவளுக்குள் இல்லை. ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டேன். ஏப்ரலில் நூறு அடி நடந்திருந்தால். அல்லது மார்ச்சில் அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருந்தால். பிப்ரவரியில்.

பன்னிரண்டாம் நாள் மூடுபனி ஒரு மணி நேரம் விலகியது. ஹெலிகாப்டர் வந்தது. பதினொரு நாள் தேங்கிய ஆட்கள், சாமான், இரண்டு சவப்பெட்டிப் பலகைகள். திரும்பிப் போகவும் அதே அளவு கூட்டம், நோயாளிக்கு ஓர் இருக்கை. துணைக்கு இடமில்லை. விமானி என்னைப் பார்த்துத் தலையசைத்தான், தன்னால் ஆகாது என்று. அவனிடம் நான் கேட்கவே இல்லை, என் முகம் கேட்டிருக்கும்.

செவிலி முதல் மாத்திரையை அங்கேயே, இறக்கிய பெட்டியைக் கிழித்து எடுத்துக் கொடுத்தாள். தபீதா தண்ணீர் இல்லாமல் விழுங்கினாள். சகேயுஸ் அவளைத் தூக்கி ஏற்றினான். கண்ணாடிக்குப் பின்னால் அவள் முகம் வீங்கி, வயதேறி, கண்கள் சிறுத்துத் தெரிந்தது. கையாட்டவில்லை. எந்த முகத்தைப் பார்க்கிறேன் என்று எனக்கே நிச்சயமில்லாமல் போயிற்று. கையைத் தூக்கினேன். ஹெலிகாப்டர் கிளப்பிய காற்றில் எல்லோரும் முதுகைத் திருப்பிக்கொண்டார்கள். நானும் திருப்பிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் மருத்துவமனையிலிருந்து இளம் மருத்துவர் ஒருத்தி கூப்பிட்டாள். பொறுமையாகப் பேசினாள். அளவு மிகவும் குறைவு, கடல்நாய் அட்டவணையில் இருந்ததைவிடவும் குறைவு. மாத்திரையில் ஏறிவிடும், தாய்க்கு ஒன்றும் ஆகாது. குழந்தையின் இதயம் நன்றாக அடிக்கிறது, கொஞ்சம் சின்னது.

"மூளை?" என்று கேட்டேன்.

"இப்போ எதுவும் சொல்ல முடியாதும்மா. பிறக்கட்டும். உட்காரணும், நடக்கணும், பேசணும். அப்பதான் தெரியும். ஒண்ணும் ஆகாமலும் இருக்கலாம்." பிறகு கேட்டாள், "இந்தக் குளிர், வீக்கமெல்லாம் எப்போதிலிருந்து? யாரும் கவனிக்கலையா?"

"பிப்ரவரியிலிருந்து," என்றேன். "நான் கவனிச்சேன்."

அவள் எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. தபீதாவிடம் கொடுப்பதாகச் சொன்னாள்.

"பொண்ணே." குரல் இன்னும் தடித்துத்தான் இருந்தது. ஆனால் கொஞ்சம் வேகம் வந்திருந்தது. "பக்கத்துப் படுக்கைக்காரியோட அம்மா வந்திருக்கா. காலையிலேருந்து அவளைப் போட்டுத் திட்டறா. ஏன் எழுந்தே, ஏன் செருப்புப் போடல, ஏன் மாத்திரையை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்னு. எனக்கு வேடிக்கையா இருக்கு."

"சாப்பிட்டியாப்பா?"

"அன்னிக்கு நான் மாட்டேன்னு சொன்னேன்ல, மார்ச்சுல?"

"ஆமா."

"எனக்குப் பயமா இருந்துச்சு. அதான் சொன்னேன். நீ ஏன் அதைக் கேட்டே?"

நான் தொலைபேசியை மறு காதுக்கு மாற்றினேன்.

"சொல்லு," என்றாள். "நீ என்னைத் திட்டி இழுத்துக்கிட்டுப் போயிருந்தா நான் வந்திருப்பேன். கத்தியிருப்பேன், ஆனா வந்திருப்பேன். இருபத்தினாலு வயசுப் பொண்ணு பயந்துக்கிட்டு உளறுதுன்னு உனக்குத் தோணவே இல்லையா?"

சொல்வதற்கு என்னிடம் எவ்வளவோ இருந்தது. இருபத்தினான்கு ஆண்டுகள் இருந்தன. வாயைத் திறந்தேன்.

"அப்பா..." என்றேன்.

அந்தப் பக்கம் சிரிப்பு வந்தது. கோபமான சிரிப்பில்லை, களைத்த சிரிப்பு. பின்னால் தட்டுகள் உரசும் சத்தம் கேட்டது.

"சரி, வை," என்றாள். "சாப்பாடு வந்துடுச்சு. கோழி."